இறால் சுமந்த பழி: ரெட் லாப்ஸ்டர் உணவகத்தின் வணிக வரலாறு

அமெரிக்காவின் மிகப் பெரிய கடலுணவுச் சங்கிலி உணவகமான ரெட் லாப்ஸ்டர், கடன்களைத் தீர்க்க இயலாத நிலையில் 2024 மே 19 அன்று ஃபுளோரிடாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் திவால் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தபோது, 20 டாலருக்கு வயிறார இறால் உண்ணலாம் என்று அறிவித்த ஒரு சலுகைதான் அந்த நிறுவனத்தைக் கவிழ்த்தது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. எளிதில் நினைவில் நிற்கக்கூடிய காரணம் என்பதால் அது பரவியதில் வியப்பில்லை. ஆனால் 56 ஆண்டு வரலாற்றையும், நீதிமன்றத்தில் அந்நிறுவனமே முன்வைத்த கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கு, இறாலின் பங்கு சிறிதென்பதும், உணவகங்கள் நின்ற நிலம் கைமாறிய 2014ஆம் ஆண்டின் பேரம் அதைவிடப் பன்மடங்கு பெரிதென்பதும் தெளிவாகும்.

அமெரிக்க உணவகத் தொழிலில் மூன்று படிநிலைகள் உண்டு. நின்றபடியே வாங்கிச் செல்லும் துரித உணவகங்கள் அடிப்படியிலும், முன்பதிவும் மிடுக்கான உடையும் எதிர்பார்க்கும் உயர்தர உணவகங்கள் மேற்படியிலும் இருக்க, இவ்விரண்டுக்கும் இடையில், மேசையில் அமர்ந்து பரிமாறுபவரிடம் உணவு கேட்டு, குடும்பத்தோடு நிதானமாக உண்டு, நடுத்தர வருவாய்க்குள் அடங்கும் தொகையைச் செலுத்திச் செல்லும் இடைத்தர உணவகங்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலைகளும் புறநகர்க் குடியிருப்புகளும் பெருகி, வீட்டுக்கொரு கார் என்ற நிலை வந்தபோது, இந்த இடைப்படிக்குப் பெரிய சந்தை உருவானது. எனினும் கடலுணவு மட்டும் அந்தச் சந்தைக்குள் எளிதில் நுழையவில்லை. மீனும் நண்டும் கரையோர நகரங்களில் கிடைத்தனவே தவிர, கடலைப் பார்த்திராத உள்நாட்டு மாநிலங்களில் அவை அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்தன.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர் வில்லியம் டார்டன் என்னும் பில் டார்டன். ஜார்ஜியா மாநிலத்தின் வெய்கிராஸ் என்ற சிற்றூரில், 1938இல், இருபது வயதுகூட நிறையாத நிலையில் ‘கிரீன் ஃபிராக்’ என்ற சிறிய உணவகத்தைத் திறந்து தொழிலைக் கற்ற அவர், 1963இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் ‘கேரிஸ் டக் இன்’ என்ற கடலுணவு விடுதியைக் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கினார். பெயரில் வாத்து இருந்தாலும் அங்கே விலைபோனவை மீனும் இறாலுமே. அந்த விடுதியை நடத்திப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, சார்லி வுட்ஸ்பி என்பவரோடு இணைந்து 1968இல் லேக்லாண்ட் நகரில் முதல் ரெட் லாப்ஸ்டரை அவர் தொடங்கினார். லேக்லாண்ட் கடற்கரை நகரம் அன்று; ஃபுளோரிடாத் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், இரு பெரிய நகரங்களுக்கு இடையே உள்ள உள்நாட்டு ஊர். கடலுணவு விற்க அப்படியோர் ஊரைத் தேர்ந்ததே பின்னாளில் அந்நிறுவனம் நாடு முழுவதும் விரிந்ததன் விதையாக அமைந்தது, ஏனெனில் கடலில்லாத ஒரு நகரத்தில் வெற்றி பெற்ற முறையைக் கடலில்லாத வேறு நூறு நகரங்களுக்கும் கொண்டுசெல்ல முடியும் என்று அது காட்டியது.

பெயரில் உள்ள லாப்ஸ்டரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. வட அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழும் லாப்ஸ்டருக்கு இரண்டு பெரிய இடுக்கிகள் உண்டு. அந்த இடுக்கிகளின் சதைக்கும் மதிப்பு அதிகம். தமிழகக் கடலோரத்தில் சிங்கி இறால் என்று மீனவர் அழைக்கும் வகை வெப்பக் கடலைச் சேர்ந்தது. அதற்கு அவ்வகை இடுக்கிகள் கிடையா, வாற்சதையே அதன் உணவுப் பகுதி. ரெட் லாப்ஸ்டர் இவ்விரு வகைகளையும் விற்றது. உயிருள்ள அட்லாண்டிக் லாப்ஸ்டர்களைக் கண்ணாடித் தொட்டியில் நீந்தவிட்டு உணவகத்தின் வாயிலிலேயே வைப்பது அதன் வழக்கம். குழந்தைகள் அத்தொட்டியின் முன் நின்று வேடிக்கை பார்க்க, பெற்றோர் மேசைக்குக் காத்திருப்பார்கள்.

தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், விரல்விட்டு எண்ணத்தக்க கிளைகளே இருந்த நிலையில், 1970இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் ரெட் லாப்ஸ்டரை விலைக்கு வாங்கியது. மினியாபொலிஸ் நகரில் கோதுமை மாவு அரைக்கும் ஆலையாகப் பிறந்து, காலையுணவுத் தானியங்களால் பெயர்பெற்ற அந்நிறுவனம், அக்காலத்தில் பொம்மைகள், ஆடைகள் எனத் தனக்குத் தொடர்பில்லாத தொழில்களிலும் பணத்தை இறக்கிக்கொண்டிருந்தது. உணவகத்தொழிலும் அவ்வரிசையில் ஒன்றாகவே வந்தது. ஆயினும் பில் டார்டனையும் அவருடைய ஆட்களையும் விலக்காமல், தொழில் தெரிந்தவர்களிடமே நிர்வாகத்தை விட்டுவைத்து, விரிவாக்கத்துக்கான முதலீட்டை மட்டும் ஜெனரல் மில்ஸ் தந்தது. முதல் கிளையின் மேலாளராகச் சேர்ந்த ஜோ லீ, படிப்படியாக உயர்ந்து பிற்காலத்தில் முழு நிறுவனத்தின் தலைவரானார் என்பது அந்த ஏற்பாட்டின் இயல்பைச் சொல்லப் போதுமானது. 1980களின் நடுப்பகுதியில் கிளைகள் ஏறக்குறைய 400 ஆயின. 1982இல் ஜப்பானிலும் 1983இல் கனடாவிலும் கிளைகள் திறந்தன.

இந்த வளர்ச்சியைத் தாங்கியது சமையற்கலையைவிடக் கொள்முதற்கலையே எனலாம். கடலுணவு, கோழியைப் போல் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஒரே விலையில் கிடைப்பதில்லை. பருவம், காற்று, மீன்பிடித் தடைக்காலம், அரசு விதிக்கும் பிடிப்பு அளவு ஆகிய அனைத்தும் அதன் விலையை ஏற்றி இறக்கும். ஒரேயொரு விடுதியை நடத்துபவர் அன்றாட விலைக்கேற்ப உணவுப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான கிளைகளில் ஒரே பட்டியலை அச்சிட்டு வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே ரெட் லாப்ஸ்டர், பல நாடுகளின் துறைமுகங்களில் தன் கொள்முதலாளர்களை நிறுத்தி, பிடிப்பு மலிந்திருக்கும் பருவத்தில் பேரளவில் வாங்கி, உறையவைத்து, குளிர்பதனக் கிடங்குகளில் சேமித்து, ஆண்டு முழுவதும் கிளைகளுக்குச் சீராக அனுப்பும் முறையை வகுத்தது. கான்சாஸ், நெப்ராஸ்கா போன்ற கடலில்லா மாநிலங்களின் குடும்பங்கள் இறாலையும் நண்டுக்காலையும் ஞாயிற்றுக்கிழமை உணவாக அறிந்துகொண்டது பெரும்பாலும் இந்த முறையின் வழியாகத்தான். சிறிய இறால்களை மாவில் தோய்த்துப் பொரித்துத் தட்டு நிறையத் தரும் ‘பாப்கார்ன் இறால்’ போன்ற பண்டங்கள், கடலுணவின்மீது ஐயம் கொண்டிருந்தவர்களையும் பழக்கிவிட்டன.

கறுப்பின அமெரிக்கர்களோடு இந்த உணவகத்துக்கு இருந்த உறவு தனித்துச் சொல்லத்தக்கது. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிசார் உரிமைகள் சட்டம் 1964இல் நிறைவேறியிருந்தாலும், தென்மாநிலங்களின் பல உணவகங்கள் அதை மனத்தால் ஏற்காதிருந்த காலத்தில், 1968இல் திறந்த ரெட் லாப்ஸ்டர் தொடக்கம் முதலே கறுப்பின மக்களை வாடிக்கையாளர்களாகவும் ஊழியர்களாகவும் ஏற்றது. பிறந்தநாள், பட்டமளிப்பு, தேவாலய வழிபாட்டுக்குப் பிந்தைய ஞாயிறு மதிய உணவு எனப் பல தலைமுறைகளின் குடும்ப நிகழ்வுகளோடு அது ஒன்றிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பாடகி பியான்சே 2016இல் வெளியிட்ட ஒரு பாடலில் இந்த உணவகத்தின் பெயரைக் குறிப்பிட்டதும், அந்த வார இறுதியில் விற்பனை முந்தைய ஆண்டின் அதே நாள்களைவிட 33 சதவீதம் உயர்ந்ததாக நிறுவனம் தெரிவித்தது. அத்தகைய உறவு இல்லாத இடத்தில் ஒரு வரி அவ்வளவு செய்திருக்காது.

1992இல் அறிமுகமான ஒரு சிறு பண்டமும் அந்த உறவை வளர்த்தது. செடார் பாலாடைக்கட்டித் துருவலைக் கலந்து பிசைந்த மாவை, உருட்டித் தேய்க்காமல், கரண்டியால் அள்ளித் தட்டில் இட்டு, அடுமனையில் வைத்து, வெளியே எடுத்த கணத்தில் பூண்டு கலந்த வெண்ணெயைத் தூரிகையால் மேலே பூசி, சூடு ஆறுவதற்குள் கூடையில் வைத்து மேசைக்கு அனுப்பும் ‘செடார் பே பிஸ்கட்’ அது. மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் ஆவி பறக்க மென்மையாகவும் இருக்கும் அந்த ரொட்டிக்குத் தனி விலை இல்லை. கேட்கக் கேட்கக் கூடை வரும். இதன் பொருட்டே வருகிறோம் என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் ஏராளம். மாவு, வெண்ணெய் ஆகியவற்றின் செலவு இறாலின் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று என்பதால், அளவின்றித் தருவதற்கு அது ஏற்ற பண்டமாகவும் இருந்தது. அளவின்றித் தருவதற்கு ஏலாத பண்டம் எது என்பதை நிறுவனம் பதினோர் ஆண்டுகளுக்குப் பின் கற்றுக்கொண்டது.

இடையில் உரிமை மாறியது. ஜெனரல் மில்ஸ் 1980களின் நடுவில் பொம்மை, ஆடைத் தொழில்களைக் கைவிட்டு, 1995இல் உணவகங்களையும் தனி நிறுவனமாகப் பிரித்து, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பகிர்ந்தளித்தது. முந்தைய ஆண்டு மறைந்த நிறுவனரின் நினைவாக அதற்கு டார்டன் ரெஸ்டாரண்ட்ஸ் என்று பெயரிடப்பட்டது. ரெட் லாப்ஸ்டரும், 1982இல் தொடங்கப்பட்ட ‘ஆலிவ் கார்டன்’ என்ற இத்தாலிய உணவகச் சங்கிலியும் அதன் இரு தூண்களாயின.

2003ஆம் ஆண்டின் கோடையில் ரெட் லாப்ஸ்டர், 20 டாலரைச் சற்றே தாண்டிய விலைக்கு, வேண்டுமளவு பனி நண்டுக்கால் என்னும் சலுகையை அறிவித்தது. பனி நண்டு என்பது வடகடல்களில் பிடிபடும், நீண்ட மெல்லிய கால்களையுடைய நண்டு. அதன் பிடிப்பு அளவை அரசுகள் கட்டுப்படுத்துவதால் வரத்து குறையும்போது விலை ஏறிவிடும். அந்த ஆண்டில் மொத்தவிலை உயர்ந்திருந்த நேரத்தில் சலுகை வந்தது. அதோடு, ஒருவர் எத்தனை தட்டு உண்பார் என்ற மதிப்பீடும் பிழைத்தது; இரண்டாவது தட்டு எதிர்பார்த்ததே என்றும், மூன்றாவதும் நான்காவதும்தான் இழப்பை உண்டாக்கின என்றும் நிர்வாகிகளே முதலீட்டாளர்களிடம் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். இதில் கவனிக்கத்தக்க மற்றொரு கூறும் உண்டு. நண்டுக்காலை உடைத்து, ஓட்டை நீக்கி, சதையை உருவி உண்பதற்கு நேரம் ஆகும். உணவகத்தின் வருவாய் தட்டின் விலையை மட்டும் பொறுத்ததன்று. ஒரு மேசை ஒரு மாலைப்பொழுதில் எத்தனை குடும்பங்களுக்குப் பயன்படுகிறது என்பதையும் பொறுத்தது. நண்டுக்காலோடு ஒரு குடும்பம் இரண்டு மணிநேரம் அமர்ந்துவிட்டால், வாயிலில் காத்திருக்கும் குடும்பம் திரும்பிப் போகிறது. டார்டனின் லாபம் சரிந்தது, பங்கு விலை விழுந்தது, ரெட் லாப்ஸ்டரின் தலைவர் எட்னா மாரிஸ் பதவி விலகினார்.

ஆனால் நிறுவனம் அதனால் அழியவில்லை என்பதே முதன்மையான செய்தி. இழப்பை விழுங்கும் வலிமை அன்று அதற்கு இருந்தது; உணவகக் கட்டடங்களிலும் அவை நின்ற நிலத்திலும் பெரும்பகுதி அதன் சொந்தச் சொத்தாகவும், டார்டன் என்னும் பெரிய குடும்பம் அதன் பின்னணியாகவும் இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து இறாலால் வந்த இழப்பை அதனால் தாங்க முடியாமற்போனதற்கான விடை, இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் நடந்தவற்றில்தான் உள்ளது.

அந்த இடைக்காலத்தில் இறாலின் இயல்பே மாறியிருந்தது. ரெட் லாப்ஸ்டர் தொடங்கிய காலத்தில் இறால் என்பது மெக்சிகோ வளைகுடா போன்ற கடல்களில் படகில் வலை கட்டி இழுத்துப் பிடிக்கும் பொருள். பின்னர் ஆசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் கரையோரக் குளங்களில் வளர்க்கும் பொருளாகி, விலை வீழ்ந்து, 2001இல் டின்னில் அடைத்த சூரை மீனைப் பின்னுக்குத் தள்ளி அமெரிக்கர் மிகுதியாக உண்ணும் கடலுணவாயிற்று. தாய்லாந்து இதில் முன்னணியில் இருந்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் குளங்களில் இளம் இறால்களைக் கொல்லும் நோய் பரவியபின் இந்தியாவும் எக்குவடோரும் முன்னேறின. பசிபிக் பெருங்கடலின் இலத்தீன் அமெரிக்கக் கரையைத் தாயகமாகக் கொண்ட வனாமி இறாலை வளர்க்க இந்தியா 2009இல் இசைவு அளித்தபின், ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும், ஓரளவுக்குத் தமிழகக் கடலோரத்திலும் பெருகிய வளர்ப்பின் பெரும்பங்கு அமெரிக்கச் சந்தைக்கே சென்றது. அமெரிக்க உணவகங்களில் இறால் எந்த விலைக்கு விற்கிறது என்பது அதனால் இப்பக்கத்துக் குளக்காரர்களின் வாழ்வையும் தொடும் செய்தியாகிவிட்டது.

2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நடுத்தர அமெரிக்கக் குடும்பங்கள் செலவைச் சுருக்கின. மேசைக்குப் பரிமாறுபவர் இல்லாத, அதே வேளையில் துரித உணவைவிடத் தரமான உணவு தரும் புதுவகைக் கடைகள் இளைஞர்களை ஈர்த்தன. ரெட் லாப்ஸ்டரின் விற்பனை தளர, அதை விலக்கிவிட டார்டன் 2013 டிசம்பரில் முடிவு செய்தது. டார்டனின் பங்குகளை வாங்கியிருந்த ஸ்டார்போர்டு வேல்யூ என்ற முதலீட்டு நிறுவனம் இதைக் கடுமையாக எதிர்த்தது. ஒரு நிறுவனத்தில் சிறு பங்கை வாங்கிக்கொண்டு அதன் நிர்வாகக் கொள்கையை மாற்றும்படி நெருக்குவதையே தொழிலாகக் கொண்ட இத்தகைய முதலீட்டாளரைப் போராடும் பங்குதாரர் என்பர். ரெட் லாப்ஸ்டரின் மனைகள் மதிப்பு மிக்கவை, அவற்றை அவசரத்தில் மலிவாக விற்பது தவறு என்பது ஸ்டார்போர்டின் வாதம். டார்டன் இயக்குநர் குழு அதைப் பொருட்படுத்தாமல், கோல்டன் கேட் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 210 கோடி டாலருக்கு ரெட் லாப்ஸ்டரை விற்பதாக 2014 மே மாதத்தில் அறிவித்து, ஜூலையில் விற்றும் முடித்தது. சினமுற்ற பங்குதாரர்கள் அந்த அக்டோபரில் டார்டனின் பன்னிரண்டு இயக்குநர்களையும் நீக்கிவிட்டு ஸ்டார்போர்டு முன்மொழிந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஆனால் விற்றது விற்றதாகவே நின்றது.

தனியார் முதலீட்டு நிறுவனம் என்பது, ஓய்வூதிய நிதிகள், செல்வந்தர்கள் ஆகியோரிடமிருந்து திரட்டிய பணத்தோடு கடனையும் சேர்த்து நிறுவனங்களை வாங்கி, சில ஆண்டுகள் நடத்தி, கூடுதல் விலைக்கு விற்று லாபம் காண்பது. கோல்டன் கேட் இந்தப் பேரத்தில் கையாண்ட வழி, வாங்கிய சொத்தையே விற்று வாங்குவதற்கான பணத்தைத் திரட்டுவது. ஏறக்குறைய 500 உணவகங்களின் நிலத்தையும் கட்டடத்தையும் அமெரிக்கன் ரியால்டி கேபிடல் பிராப்பர்டீஸ் என்ற மனை நிறுவனத்துக்கு 150 கோடி டாலருக்கு அது விற்றது. அதாவது, கொடுத்த விலையில் பத்தில் ஏழு பங்கு, வாங்கிய கையோடு திரும்ப வந்துவிட்டது. உணவகங்கள் அதே இடத்தில்தான் தொடர்ந்தன. ஆனால் நேற்றுவரை சொந்த வீட்டில் இருந்தவர் இன்று அதே வீட்டில் குடிக்கூலி கொடுத்து வாழ்பவரானார். விற்றுவிட்டு விற்ற இடத்தையே குத்தகைக்கு எடுக்கும் இந்த முறையில், குத்தகை பெரும்பாலும் நீண்டகாலத்துக்கு எழுதப்படும். வாடகை ஆண்டுதோறும் உயரும். சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகிய மூன்றும் வாடகைக்காரரின் பொறுப்பிலேயே இருக்கும். வியாபாரம் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொகை குறையாது. கூட்டம் குறைந்த கிளையை மூடினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை வாடகை நிற்காது.

கோல்டன் கேட்டுக்குப் பின் வந்தது தாய் யூனியன். பாங்காக்குக்கு அருகிலுள்ள சமுத் சாகோன் துறைமுகத்தில் 1977இல் தொடங்கி, டின்னில் அடைத்த சூரை மீன் உற்பத்தியில் உலகின் முதலிடத்துக்கு உயர்ந்த நிறுவனம் அது. ஆந்திரத்தில் இறால் தீவனம் தயாரிக்கும் அவந்தி ஃபீட்ஸ் நிறுவனத்திலும் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. ரெட் லாப்ஸ்டருக்கு இறால் வழங்குபவர்களில் ஒருவராக ஏற்கெனவே இருந்த தாய் யூனியன், 2016இல் 57.5 கோடி டாலர் முதலிட்டுக் கால்பங்கு உரிமையையும் பின்னாளில் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமைகளையும் பெற்றது. கொரோனாப் பெருந்தொற்றால் உணவகங்களின் கதவுகள் அடைபட்டிருந்த 2020இல், வேறு சில முதலீட்டாளர்களோடும் நிர்வாகத்தினரோடும் சேர்ந்து எஞ்சிய பங்குகளை வாங்கி, கோல்டன் கேட்டை வெளியேற்றியது. பொருளை விற்பவரே அதை வாங்குபவரின் உரிமையாளராகவும் ஆகும்போது, விலையைக் குறைக்கப் பேரம் பேசவேண்டியவர் யார் என்னும் கேள்வி எழும். அந்தக் கேள்வி நான்கு ஆண்டுகளில் நீதிமன்றத்துக்கே வந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வழங்கிவந்த ‘எல்லையற்ற இறால்’ சலுகையை, 2023 ஜூனில் 20 டாலர் விலையில், எல்லா நாள்களுக்கும் உரிய நிலையான உணவாக நிர்வாகம் மாற்றியது. பெருந்தொற்றில் இழந்த கூட்டத்தை மீட்பதே நோக்கம். கூட்டம் சற்றே கூடியது. ஆனால் வந்தவர்களில் எதிர்பார்த்ததைவிட மிகுதியானோர் வேறெதையும் கேட்காமல் அந்தத் தட்டையே கேட்டார்கள். விலையை 22 டாலராகவும் பின்னர் 25 டாலராகவும் ஏற்றியும் பயன் இல்லை. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் 1.1 கோடி டாலர் நட்டம் ஏற்பட்டது. 2024 ஜனவரியில் தாய் யூனியன் தன் முதலீட்டைக் கைவிடுவதாக அறிவித்து, ஏறக்குறைய 53 கோடி டாலரைத் தன் கணக்கில் இழப்பாக எழுதியது. நிறுவனத்தைச் சீர்செய்ய நியமிக்கப்பட்ட புதிய தலைமை அதிகாரி ஜானதன் டைபஸ், திவால் மனுவோடு அளித்த வாக்குமூலத்தில், நிர்வாகக் குழுவின் பிற உறுப்பினர்களுடைய எதிர்ப்பை மீறி இச்சலுகை நிலையாக்கப்பட்டதாகவும், மாவில் தோய்த்த இறாலை வழங்கிவந்த வேறு இரு நிறுவனங்கள் விலக்கப்பட்டு அந்த வணிகம் தாய் யூனியனுக்கு மட்டும் வாய்த்ததாகவும் குறிப்பிட்டார். தாய் யூனியன் அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று மறுத்தது.

திவால் மனுவுக்கு ஒரு வாரம் முன்பாக, ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. பொரிக்கும் கருவிகள், குளிர்பதனப் பெட்டிகள், இருக்கைகள், லாப்ஸ்டர் தொட்டிகள் உட்பட ஒவ்வொரு கிளையின் தளவாடங்கள் முழுவதும் ஒரே தொகுப்பாக இணையவழி ஏலத்துக்கு விடப்பட்டன. மூடப்படுவது பற்றிய முன்னறிவிப்புக்கூட இல்லாமல் ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். பல பத்தாண்டுகள் ஒரே கிளையில் பரிமாறியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். நிறுவனத்தின் நன்மதிப்பை நாள்தோறும் மேசையருகே நின்று காத்தவர்களுக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதி, சலுகைபற்றிய செய்திகளுக்கு நடுவில் போதிய கவனம் பெறவில்லை.

மனு அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின்கீழ் அமைந்தது. நிறுவனத்தைக் கலைத்துவிடாமல், கடன்காரர்களின் நெருக்கடியை நீதிமன்றத்தின் துணையோடு நிறுத்திவைத்து, தொழிலை நடத்தியபடியே கடன்களையும் ஒப்பந்தங்களையும் மாற்றியமைக்க அந்த அத்தியாயம் இடமளிக்கிறது. கட்டுப்படியாகாத குத்தகைகளை உதறவும் அதன் வழியாக இயலும். அப்போது நிறுவனத்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 578 கிளைகளும், ஏறக்குறைய 36,000 ஊழியர்களும், 100 கோடி டாலரைத் தாண்டிய கடனும் இருந்தன. வட அமெரிக்காவில் வாங்கப்படும் லாப்ஸ்டர் வால்களில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு நிறுவனமே வாங்கிவந்தது என்றால், அதன் தளர்ச்சி எத்தனை மீன்பிடித் துறைகளில் உணரப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அதே வாக்குமூலத்தின் வேறொரு பகுதிதான் இந்த வரலாற்றின் திறவுகோல். 2023ஆம் ஆண்டில் நிறுவனத்தின் குத்தகைச் சுமை 19.05 கோடி டாலர், அதில் 6.4 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை, போதிய வருவாய் ஈட்டாத கிளைகளுக்கு உரியது. அந்த ஆண்டின் நிகர இழப்பு 7.6 கோடி டாலர். இறாலால் வந்ததாகச் சொல்லப்படும் 1.1 கோடியை இவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால், கூட்டம் வராத கிளைகளின் வாடகை மட்டுமே அதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்பது புலனாகும்.

வாடகை ஒன்றே காரணம் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. 2019ஐ ஒப்பிட, வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. கூலியும் பொருள்களின் விலையும் ஏறியிருந்தன. குறுகிய காலத்தில் தலைமை அதிகாரிகள் பலமுறை மாறினார்கள். டார்டன்கூட 2015இல் ஆலிவ் கார்டன் உள்ளிட்ட தன் உணவகங்களின் மனைகளில் நானூறுக்கு மேற்பட்டவற்றை ஒரு தனி மனை நிறுவனமாகப் பிரித்து, அதற்கு வாடகை செலுத்தியே தொழில் நடத்துகிறது. ஆலிவ் கார்டனோ செழித்திருக்கிறது. விற்பனை வளரும் கடைக்கு வாடகை ஒரு செலவு. தேயும் கடைக்கு அது விலங்கு. ரெட் லாப்ஸ்டர் விற்கப்பட்டதே விற்பனை தேய்ந்துகொண்டிருந்ததால்தான். தேயும் ஒரு தொழிலிலிருந்து, இடர்க்காலத்தில் அடகுவைக்கவோ விற்கவோ உதவக்கூடிய ஒரே பெருஞ்சொத்தை உருவி எடுத்து, அதன் மதிப்பைத் தொழிலின் புத்தாக்கத்துக்குச் செலவிடாமல், அதை வாங்குவதற்கான விலையாகவே செலவிட்டது அந்த 2014ஆம் ஆண்டுப் பேரம். அதன்பின் வந்த எந்த உரிமையாளருக்கும் பிழை செய்யும் வாய்ப்பு மிஞ்சவில்லை; தாய் யூனியன் பிழை செய்தது.

2024 செப்டம்பரில் நீதிமன்றம் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தர, ஃபோர்ட்ரஸ் முதலீட்டு நிறுவனத்தைச் சார்ந்த குழு 6 கோடி டாலர் புதிய நிதியோடு ரெட் லாப்ஸ்டரை எடுத்துக்கொண்டது. நைஜீரியாவில் பிறந்து, ‘பி.எஃப். சாங்ஸ்’ என்ற சீன உணவகச் சங்கிலிக்குத் தலைமை தாங்கிய டமோலா அடமோலெகுன், 35 வயதில் தலைமை அதிகாரியானார். முன்பு நீக்கப்பட்டிருந்த பழைய பண்டங்கள் சில பட்டியலுக்குத் திரும்பின. இறால், நண்டு, லாப்ஸ்டர் ஆகியவற்றைச் சோளக்கதிரோடும் உருளைக்கிழங்கோடும் மசாலாவில் ஒன்றாக வேகவைத்துத் தரும் தென்மாநிலப் பாணி உணவு சேர்ந்தது. எல்லையற்ற இறாலை எல்லா நாள்களிலும் தரும் ஏற்பாடு கைவிடப்பட்டது. மனுவுக்கு முன்னும் பின்னுமாக நூற்றுக்கு மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டு, அவற்றின் குத்தகைகள் உதறப்பட்டன; 544 கிளைகளோடு நிறுவனம் திவாலிலிருந்து வெளியே வந்தது. அவற்றில் பெரும்பாலானவை நிற்கும் நிலம் இன்றும் பிறருடையதே. அதற்கான வாடகையும் தொடர்ந்து செலுத்தப்பட்டு வருகிறது.